மீன்கொத்தியைப் பறக்கவிட்டவன்

"பாம்ம்ம்ம்...!"

அவ்வளவுதான். ஏரிக்கரைக் கம்பி வேலியில் உட்கார்ந்திருந்த மீன்கொத்தி, நீலமாய் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பறந்தே போய்விட்டது. அவள் கைபேசியில் வெறும் வேலி... வேலிக்குப் பின்னால் தண்ணீர்...

அவளுக்கு வந்ததே கோபம்! திரும்பினாள். மூக்குக்கு நேரே பஸ்.

"ஏங்க, கொஞ்சமாவது அறிவிருக்கா? ஒரு மாசமா இந்தப் பறவைக்காகத் தவம் கிடக்கிறேன். இப்படி ஹாரன் அடிச்சா அது பறந்துடாதா?"

ஓட்டுநர் ஜன்னல் வழியே தலையை நீட்டினான். இந்த வழிக்குப் புதியவன். முகத்தில் கோபமே இல்லை... அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மேடம், நீங்க நிக்கிறது நடுரோடு. ஹாரன் அடிக்கலைன்னா பறவை உட்கார்ந்திருக்கும்... நீங்க பறந்திருப்பீங்க!"

பஸ்ஸுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். அவள் குனிந்து பார்த்தாள். நிஜமாகவே நடுரோடுதான்! படம் எடுக்கிற மும்முரத்தில் பின்னால் பின்னால் நகர்ந்து வந்திருக்கிறாள். அதை ஒப்புக்கொள்ள மனசு வருமா? விறைப்பாக நடந்துபோய் அதே பஸ்ஸில் ஏறினாள். வேறு வழி? அந்த நேரத்துக்கு அவள் கடைப் பக்கம் போவது அது ஒன்றுதான்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. பொழுது விடிந்தால் அடைந்தால் கண்கள்... சிவந்த கண்கள், பயந்த கண்கள், எழுத்து தெரியாமலே தெரிகிறது என்று சாதிக்கும் கண்கள். ஊரார் கண்ணை எல்லாம் பார்த்துப் பிழைப்பவள், அந்த ஓட்டுநரின் கண்ணை மட்டும் அன்றைக்குச் சரியாகப் பார்க்கவில்லை. அந்தக் கவனக்குறைவு கடைசியில் பாத்திரம் கழுவுவதில் போய் முடிந்தது.

அதற்கு அவள் வீட்டு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அப்பா வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்த காலம் அது. நாலு பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சாப்பிட்ட ஒரு நாளில் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "தினம் வெளிய போய்ட்டு வர்றீங்களே... ஒரு நல்லதுகூடவா கண்ணுல படல?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு படம். அன்றைக்கு மனசைக் குளிர வைத்தது எதுவோ, அதை எடுத்துவந்து சாப்பாட்டு மேசையில் காட்ட வேண்டும். அப்பாவுக்கு வேறு வேலை கிடைத்த பிறகும் வழக்கம் நிற்கவில்லை. அப்பா எடுக்கும் படத்தில் மட்டும் பாதிக்கு அவருடைய கட்டைவிரல் இருக்கும். வானவில்லும் விரலும்... பூனைக்குட்டியும் விரலும்...

சட்டம் ஒன்றே ஒன்று. எடுத்ததையே மறுபடி எடுத்துவந்தால், அன்றைய பாத்திரம் எல்லாம் எடுத்துவந்தவர் தலையில். நீதிபதி அம்மா. சட்டக் கல்லூரியில் படிக்கும் தம்பிக்கு வீட்டுப் பெயரே வக்கீல். தடித்த கண்ணாடி போட்ட அவளுக்கு அவன் வைத்த பெயர் சோடாபுட்டி.

ஹாரன் சண்டைக்கு மறுநாள் ஏரிக்கரை வளைவில் பஸ் ஊர்ந்து வந்தது. ஹாரனே இல்லை.

"என்ன மேடம், பறவை இன்னும் எழுந்திரிக்கலையா?"

"உங்க சத்தத்துக்குப் பயந்து வீடு மாத்திடுச்சு."

"புது அட்ரஸ் தெரிஞ்சா சொல்லுங்க... நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுடறேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். சிரிப்பு கண் வழியாக வெளியேறிவிட்டது. அன்றிலிருந்து முன் இருக்கை அவளுடையது. வேடிக்கை பார்க்க வசதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யார் கேட்டார்கள்?

பேச்சு வளர்ந்தது. வீட்டு வழக்கத்தைக்கூட ஒருநாள் சொல்லிவிட்டாள். அவன் சாலையை விட்டுக் கண்ணெடுக்காமல் கேட்டான். "நல்லா இருக்குங்க..." என்று மட்டும் சொன்னான். குரலில் ஏக்கம் தெரிந்தது.

இங்கே மேசையில் வம்பு ஆரம்பமாயிற்று. பஸ் ஜன்னலில் மழைத்துளி. அடுத்த நாள் பஸ் கண்ணாடியில் வண்ணத்துப்பூச்சி. அதற்கடுத்த நாள் பஸ்ஸின் முன்கண்ணாடி வழியே காலைச் சூரியன்.

"யுவர் ஆனர், மூணுமே பஸ்!" வக்கீல் எழுந்தே நின்றுவிட்டான்.

"மழை, பூச்சி, சூரியன்டா! உனக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணனும்."

"உனக்குத்தான் பண்ணனும் சோடாபுட்டி. இங்க பாரு..." சூரியன் படத்தை விரலால் பெரிதாக்கினான். ஓரத்தில் ஓட்டுநர் தலைக்கு மேலே சின்னக் கண்ணாடி. அதற்குள் இரண்டு கண்கள்.

அம்மா குனிந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். "கண்ணு நல்லாத்தான் இருக்கு... போ, பாத்திரம் காத்திருக்கு."

சோப்பு நுரைக்குள் கையை விட்டபடி அவள் நினைத்துப் பார்த்தாள். அந்தக் கண்கள் சாலையைப் பார்க்கவில்லை... பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தபோது எடுத்த படம் அது. அவளையேதான் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. முகம் சூடாகிவிட்டது. ஒரே தட்டை மூன்று முறை கழுவினாள்.

மறுநாள் அவன் தன் கைபேசியை நீட்டினான். திரையில் மீன்கொத்தி! இறகு விரித்து, அலகில் மீனோடு, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே. அவள் ஒரு மாதமாய் ஏங்கிய அதே படம்.

"விடியக்காலைல போய் உட்கார்ந்து எடுத்தேன். உங்களுக்கு அனுப்பறேன். மேசைல இதைக் காட்டுங்க, இன்னைக்குப் பாத்திரம் கழுவ வேண்டாம்."

சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததோ ரோஷம். தன்னால் முடியாததை இவன் ஒரே காலையில் முடித்துவிட்டு, போனால் போகிறது என்று கொடுக்கிறானா? நாக்கு முந்திக்கொண்டது.

"எனக்கு வேண்டியதை நானே எடுத்துக்குவேன். உங்க வேலை பஸ் ஓட்டுறது... அதைப் பாருங்க."

கண்ணாடிக்குள் இருந்த சிரிப்பு அணைந்தது. "சரிங்க" என்றான்.

சொன்ன வார்த்தையை விழுங்க முடியுமா? வெட்கத்தில் அவள் பின்தெரு வழியாக நடந்தே கடைக்குப் போக ஆரம்பித்தாள். கால் வலித்தது. அதைவிட மனசு வலித்தது. மேசையில் ஏதோ மேகம், ஏதோ இலை என்று காட்டிக்கொண்டிருந்தாள். சட்டப்படி சரியான படங்கள். ஒன்றிலும் உயிரில்லை.

மழை மூட்டமாக இருந்த ஒரு சாயங்காலம், பரிசோதனை அறைக் கதவு திறந்தது. அவன்.

"வெளியூர் பஸ்ஸுக்கு மாத்தல் கேட்டிருக்கேன்" என்றான், தரையைப் பார்த்து. "கண்ணு சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தா, நாளைக்கே கிளம்பச் சொல்லிடுவாங்க."

"இந்தப் பக்கம் இனிமே வரமாட்டீங்களா?"

"என் வேலை பஸ் ஓட்டுறது. எங்க ஓட்டினா என்னங்க?"

அவள் வார்த்தை அவளுக்கே திரும்பி வந்தது. விளக்கை அணைத்தாள். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தான். சின்ன டார்ச்சை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள்.

"நேரா என்னைப் பாருங்க."

"பார்த்தா கோபப்படுவீங்க..."

பார்த்தான். எத்தனை ஆயிரம் கண்களைப் பார்த்தவள்! இந்தக் கண்ணில் எதைத் தேட வேண்டும் என்பதே மறந்துபோயிற்று. பார்வை கொஞ்சம் மங்கல் என்று ஒரு வரி எழுதினால் போதும், அவன் போகமாட்டான். ஆனால் பொய் எழுத அவள் கை வராது. கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவன் தலையசைத்துவிட்டுப் போய்விட்டான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ரோஷம் பார்த்துக்கொண்டு நின்றால், நாளைக்கு அந்த வளைவில் வேறு யாரோ ஹாரன் அடிப்பார்கள்... நினைத்ததும் எழுந்து ஓடினாள். குடை இல்லை. கண்ணாடியெல்லாம் மழை, உலகமே கலங்கல். "ஏங்க... நில்லுங்க!" என்று பொதுவாகக் கத்தினாள்.

ஒரு கை அவளை ஓரமாக இழுத்தது. "மேடம்! மறுபடியும் நடுரோடு!"

"அன்னைக்கு நான் சொன்னது தப்பு." மூச்சு வாங்கியது. "ரொம்பத் தப்பு. அந்தப் பேப்பரைக் குடுக்கறதுக்கு முன்னாடி... இன்னைக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வர்றீங்களா?"

அவன் விழித்தான். பிறகு, மெதுவாக, தலையாட்டினான்.

மேசையில் அவனுக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். அப்பா தன் படத்தைக் காட்டினார், நத்தையும் விரலும். வக்கீல் காட்டினான். அவள் முறை வந்தது.

"இன்னைக்குப் படம் எடுக்கல" என்றாள். "ஆளையே கூட்டிட்டு வந்துட்டேன்."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது.

"எனக்கு இவரைப் பிடிச்சிருக்கும்மா. நாளைக்கு வெளியூர் போயிடக் கூடாதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். தனியாச் சொன்னா பாதியில நாக்கு மாறிடும்... அதான் எல்லார் முன்னாடியும்."

அவன் தன் கைபேசியை எடுத்து அம்மாவின் முன் வைத்தான்.

"இவங்க இந்த வழக்கத்தைச் சொன்ன நாள்லேருந்து நானும் தினம் ஒரு படம் எடுக்கறேம்மா. இவங்க பஸ்ல வர்றதை நிறுத்தினதுலேருந்து, சந்தோஷமா ஏதாவது எடுக்கணும்னுதான் பார்க்கறேன்... வரமாட்டேங்குது."

அம்மா தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஏரிக்கரை பஸ் நிறுத்தம், வெயிலில். அதே நிறுத்தம், தூறலில். அதே நிறுத்தம், மூட்டத்தில். அவள் நிற்கிற இடம் மட்டும் எல்லாவற்றிலும் காலி.

"யுவர் ஆனர்! ஒரே படம்... அதுவும் தினம்!" என்றான் வக்கீல். குரல் தழுதழுத்ததை மறைக்கத் தண்ணீர் குடித்தான்.

அம்மா நிமிர்ந்தாள். "நாளைக்குக் கிளம்பறீங்களா தம்பி?"

"இல்லம்மா." சட்டைப் பையிலிருந்த பேப்பரை எடுத்து, அதை எழுதியவள் கையிலேயே கொடுத்தான். "இனிமே கிளம்பச் சொன்னாலும் போகமாட்டேன்."

"அப்ப எழுந்திரிங்க. இந்த வீட்டுச் சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். மலையாட்டம் பாத்திரம் கிடக்கு. நீயும் போடி... அதே பஸ் கேஸ்தானே உன்னுதும்!"

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அந்த வீட்டில் இப்படி ஒரு சிரிப்பு கேட்டு எவ்வளவு நாளாயிற்று! இருவரும் தொட்டி முன்னால் நின்றார்கள். நுரைக்குள் அவன் விரல் அவள் விரலைத் தொட்டது... விலகவில்லை.

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்குங்க" என்றான் தணிந்த குரலில். "முதல் நாள் திட்டினீங்களே, அப்பவே."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"பறந்துடுவீங்களோன்னு பயம்... அதான் ஹாரனே அடிக்கல."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பின்னால் கைபேசி 'க்ளிக்' என்றது. அப்பா! நாளைய படத்தை இன்றைக்கே எடுத்துவிட்டார். பாதிக்கு அவருடைய கட்டைவிரல். மீதிப் பாதியில் அவர்கள் இருவரும் இருந்தார்கள்.