பதினேழு இஞ்ச் திரை

"ஐயோ அண்ணி! திரை மேலயே வெச்சிட்டீங்களே…!"

சுண்டல் கிளறிய கரண்டியோடு காவேரி கூடத்துக்கு ஓடி வருவதற்குள், அம்சவல்லி மூன்றாவது சந்தனப் பொட்டையும் வைத்து நடுவில் குங்குமத்தை அழுத்திவிட்டாள். ஆயுத பூஜைக்காக விரித்த வாழை இலையில் அரிவாள்மணை, கத்தரிக்கோல், மோகனின் ஸ்பேனர்கள், பைக் சாவி எல்லாம் பொட்டோடு கிடந்தன. அவற்றின் நடுவில், மாலை போட்ட மாப்பிள்ளை போல விரிந்து உட்கார்ந்திருந்தது அந்தப் பதினேழு இஞ்ச் லேப்டாப்.

"வேற எங்க வெக்கச் சொல்ற? சாமிக்கு நெத்தியிலதான் பொட்டு வெப்பாங்க. முதுகுலயா வெப்பாங்க?"

"அதுல எனக்கு இன்னிக்கி வேலை கீது அண்ணி. சாயந்திரத்துக்குள்ள பக்கத்தை அனுப்பியாகணும்…"

"பூசையில வெச்ச பொருள இன்னிக்கே எடுக்கிறதா? நாளைக்கிக் காலைல கற்பூரம் காட்டிட்டுத்தான் தொடணும். இது கூடவா உங்க பிள்ளைப்பாக்கத்துல சொல்லித் தரல?"

பிறந்த ஊரை இழுக்காமல் அம்சவல்லிக்கு ஒரு பேச்சு முடியாது. அவள் மோகனின் அக்கா. தாலி அறுத்து மண்ணூருக்குத் திரும்பி வந்தவள், தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியவள். அந்த ஒரு காரணத்துக்காகவே காவேரி இத்தனை வருஷமாக எந்தச் சொல்லுக்கும் எதிர்ச்சொல் சொன்னதில்லை. பேசாதவளுக்குத்தான் எல்லாப் பேச்சும் வந்து சேரும் என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

காவேரியின் வேலை எழுத்தோடு. தொழிற்சாலை இயந்திரங்களை எப்படி இயக்க வேண்டும், எங்கே கை வைக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் வரும் பக்கங்களைச் சென்னையில் ஓர் அலுவலகம் தமிழாக்குகிறது. அந்தத் தமிழை ஆங்கிலத்தோடு வைத்து, வரி வரியாகச் சரிபார்த்து அனுப்புவாள். மகன் ஹாஸ்டலுக்குப் போனபின் அவளுக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான். வீட்டில் அவளை "ஏய்" என்றார்கள். அலுவலகத்திலிருந்து போன் வந்தால் "காவேரி மேடம்" என்றார்கள். அந்த "மேடம்" அவளுக்குச் சோறு தண்ணி மாதிரி.

அந்த வேலைதான் இப்போது தொங்கிக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவை தப்போ தாமதமோ வந்தால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது மேடம்" என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள்.

எல்லாம் அந்தத் திரையால் வந்த வினை. தை மாதம் பழைய லேப்டாப் செத்துப்போனபோது, தனக்கு எது வேண்டும் என்று காவேரிக்குத் தெளிவாகவே தெரியும். பக்கத்துத் தெரு மெர்சியும் அதே அலுவலகத்துக்கு வேலை செய்பவள். அவளிடம் இருந்தது பதினாலு இஞ்ச் திரை. சின்னதுதான். ஆனால் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஆங்கிலமும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒரு முழுப் பக்கம் தலை முதல் கால் வரை தெரியும். திரை எவ்வளவு பெரிது என்பது ஒன்று, அதற்குள் எத்தனை புள்ளிகளை அடைத்திருக்கிறார்கள் என்பது வேறொன்று. ஒரு கரண்டி மாவை எவ்வளவு பெரிய கல்லில் இழுத்தாலும், தோசை பெரிதாகாது, ஓட்டைதான் விழும்.

"சின்னது, ஆனா வெல அதிகமா?" என்று அம்சவல்லி அன்றே முகத்தைச் சுளித்தாள். "ஊர்ல எவனாவது அப்டி வாங்குவானா? அந்த மெர்சி தம்பிதானே கடையில நிக்கிறான்? இதுல இன்னாவோ கீது."

மெர்சியின் தம்பி சாம்சன்தான் ஸ்ரீபெரும்புதூர் கடையில் விற்பனைக்கு நின்றான். இரண்டு லேப்டாப்பையும் திறந்து வைத்தான். இரண்டிலும் கலர் கலராக மீன் நீந்தியது. ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் மோகன் சூப்பர்வைசர். அங்கே லைனுக்கு மேலே தொங்கும் போர்டில் எத்தனை பீஸ் ஓடியது என்று தெரியும். அதைக் கடைசி ஆள் நிற்கும் இடத்திலிருந்து படிக்க முடிந்தால்தான் போர்டு நல்ல போர்டு. அந்தப் பழக்கத்தில் மோகன் பின்னாலேயே நடந்து, வாஷிங் மெஷினில் முதுகு இடித்த பிறகுதான் நின்றார்.

"இங்கேர்ந்து பாரு! பெருசு பளிச்சினு கீது. சின்னதுல எறும்பு ஊர்றாப்ல கீது."

காவேரிக்குச் சிரிப்பு வந்தது. "நான் அங்க நின்னா படிக்கப்போறேன்? சாம்சன், மீன் போதும்பா. ஒரு பக்கம் எழுத்து போட்டுக் காட்டு."

போட்டுக் காட்டினான். சின்னத் திரையில் எழுத்து முத்து முத்தாக நின்றது. பெரிய திரையில் ஒவ்வொரு எழுத்தின் ஓரமும் பிய்ந்து கிடந்தது. "நீங்களே கிட்ட வந்து…" என்று ஆரம்பித்தவள், கணவனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மோகன் சின்னத் திரையருகே குனிந்தார். கழுத்தைப் பின்னுக்கு இழுத்தார். கண்ணைச் சுருக்கினார். பக்கத்தில் போன் வாங்க வந்து, "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டு நின்ற தன் லைன் பையன்கள் இருவரையும் ஓரக்கண்ணால் பார்த்தார்.

அவருக்கு வெள்ளெழுத்து. தூரத்தில் இருப்பது தெரியும், கையில் இருப்பது தெரியாது. அவர் அதை யாரிடமும் சொன்னதில்லை. "கை ஈரமா கீது, இந்த மாத்திரை அட்டையில இன்னா போட்டுகீறான் பாரு" என்பார். ஷேவ் செய்யும் நேரமாகப் பார்த்து, "போன்ல ஷிஃப்ட் லிஸ்ட் வந்துகீது, வாசி" என்பார். காவேரியும் ஒன்றும் தெரியாதவள் மாதிரி வாசிப்பாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வந்த சுப்பனை லைனிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு அனுப்பினார்களே, அது கண்ணாடியால்தான் என்று கம்பெனி முழுக்கப் பேச்சு. அதோடு, "எங்க வம்சத்துல ஒருத்தர் மூக்குலயும் கண்ணாடி ஏறினதில்ல" என்ற அம்சவல்லியின் பெருமை வேறு.

இவர் கீழே வேலை பார்க்கிற பசங்க முன்னால், "கிட்ட வந்து படிங்க" என்று எப்படிச் சொல்வாள்?

"பெருசே எடுத்துக்கலாங்க. அதான் நல்லா கீது."

சாம்சன் திகைத்தான். "அக்கா… நீங்கதானே பதினாலுதான் வேணும்னு…"

காவேரி கண்ணாலேயே அவன் வாயை அடைத்தாள். அந்தப் பார்வையை, கூடவே கடைக்கு வந்திருந்த அம்சவல்லி பார்த்துவிட்டாள். பார்த்ததை மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள்.

"பொண்டாட்டிக்கு டிவி சைஸ்ல வாங்கித் தந்துகீறேன்!" என்று மோகன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டார். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதனால்தான் காவேரியால் எதையும் சொல்ல முடியவில்லை. டிவி சைஸ் என்றது பலித்தும்விட்டது: அம்சவல்லி அதில்தான் சீரியல் பார்த்தாள். சீரியல் முடிந்து கிடைத்த நேரத்தில், பிய்ந்த எழுத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கினால் பாதிப் பக்கம் வெளியே ஓட, மேலும் கீழுமாக உருட்டி, எந்த வரியில் இருந்தோம் என்று தேடித் தேடிக் காவேரியின் கண் எரிந்தது. தலைவலித் தைலம் வாங்கியே மாளவில்லை. "அவ்ளோ பெருசு வாங்கிக் குடுத்தும் இவளுக்குத் தலை வலிக்குதாம்… நடிப்பு!" என்றாள் அம்சவல்லி.

பூஜைப் படையலை முடித்து, சாப்பாடு போட்டு, பாத்திரத்தையும் கவிழ்த்துவிட்டுக் காவேரி மெர்சி வீட்டுக்குப் போனாள். மெர்சியின் லேப்டாப்பில் பக்கங்கள் மடமடவென்று நகர்ந்தன. லீவில் வீட்டிலிருந்த சாம்சன் டீ போட்டுக் கொடுத்தான். இன்னும் இரண்டே பக்கம் இருக்கும்போது மோகனின் போன் வந்தது.

"உடனே வூட்டுக்கு வா."

கம்பெனிப் பூஜையின் ஸ்வீட் பாக்ஸ் பிரிக்கப்படாமல் ஸ்டூல் மேல் இருந்தது. மோகன் கூடத்தில் நின்றிருந்தார். அக்கா ஓதவேண்டியதை ஓதி முடித்திருந்தாள்.

"பண்டிகை நாளும் அதுவுமா அவுங்க வூட்ல உனக்கு இன்னா வேலை?"

"ரெண்டு பக்கம் பாக்கி கீதுங்க. அனுப்பலன்னா என் வேலையே போயிடும்…"

"வேலையாம் வேலை!" அம்சவல்லி கையைத் தட்டினாள். "கடையிலயே பாத்தேன்டா மோகனு! அந்தப் பையனும் இவளும் கண்ணாலயே பேசிக்கினாங்க. அன்னிக்கிக் கண்ணு… இன்னிக்கி வூட்டுக்கே போயாச்சு!"

"அண்ணி! அவன் எனக்குத் தம்பி மாதிரி…" காவேரி இரண்டு கையையும் கூப்பினாள். "என்ன வேணா சொல்லுங்க. அந்தப் பேச்ச மட்டும் பேசாதீங்க!"

"என் தம்பியப் பத்தி இன்னா சொன்னீங்க?"

வாசலில் மெர்சி. பாக்கிப் பக்கங்களைக் காவேரி வீட்டிலேயே முடிக்கட்டும் என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருந்தாள். அதைப் பூஜை இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். "தொடாதடி! தீட்டு!" என்று அம்சவல்லி அலற அலறப் பெரிய லேப்டாப்பையும் போட்டு, இரண்டிலும் ஒரே பக்கத்தைத் திறந்தாள்.

"அண்ணா, இந்த ஒன்பது மாசமா அக்கா எதப் பாத்துக் கண்ணக் கெடுத்துக்கினாங்கன்னு நீங்களே பாருங்க. கிட்ட வந்து ஒரு வரி படிங்க. ஒரே ஒரு வரி!"

மோகன் குனிந்தார். பெரிய திரையைப் பார்த்தார். சின்னத் திரையைப் பார்த்தார். கழுத்து பின்னுக்குப் போனது. நெற்றியில் வேர்த்தது.

"அவரைப் படிக்கச் சொல்லாத மெர்சி!" காவேரி குறுக்கே வந்தாள். "இங்க லைட்டு சரியில்ல… அவரே அலுத்துப்போயி வந்துகீறாரு…"

மோகன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். இவளுக்குத் தெரியும் என்பது அந்த நொடியில் அவருக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவர் என்ன செய்தார்? அவள் நீட்டிய பொய்யைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்.

"ஆமா… லைட் இல்ல. எல்லாரும் அவுங்கவுங்க வேலையப் பாருங்க" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மெர்சி அழுதுகொண்டே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனாள். பூஜையிலிருந்த பெரிய லேப்டாப்பைத் தொட அம்சவல்லி விடவில்லை; பாக்கிப் பக்கங்கள் அனுப்பப்படவே இல்லை. விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. 'இதுவரை ஒத்துழைத்ததற்கு நன்றி.' மேடம் என்ற சொல் அதில் இல்லை.

மறுநாள் காலை மோகன் கன்னத்தில் நுரையோடு போனை நீட்டினார். "ஷிஃப்ட் லிஸ்ட் வந்துகீது. வாசி."

"நீங்களே படிங்க" என்றாள் காவேரி.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் வாயில் அப்படி ஒரு சொல் வந்ததில்லை. மோகன் சுவர்க் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார்.

"உனக்கு… எப்பலேர்ந்து தெரியும்?"

"கடைக்குப் போறதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்புறம் ஏன் அன்னிக்கி வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா, கிட்ட வந்து படிங்கன்னு சொல்லணும். உங்க பசங்க நின்னுக்கினு இருந்தாங்க. உங்க மொகம் சுண்டிப்போனத என்னால பாக்க முடியல." அவள் குரல் உடைந்தது. "நேத்தும் அதுக்குத்தான் குறுக்க வந்தேன். நீங்க என்னை நடுத்தெருவுல நிறுத்திட்டுப் போனீங்க பாருங்க… அதான்… அதான் தாங்கல!"

மோகன் பாதி ஷேவோடு முகத்தைக் கழுவிக்கொண்டு குன்றத்தூர்ப் பக்கம் போனார்.

மத்தியானம் திரும்பி வந்தபோது சட்டைப் பையில் ஒரு பெட்டி இருந்தது. யாரிடமும் பேசாமல் கூடத்தில் உட்கார்ந்து, இலையிலிருந்து எடுத்து வைத்திருந்த பெரிய லேப்டாப்பைத் திறந்தார். காவேரி நேற்று முடிக்காமல் விட்ட பக்கம் அப்படியே இருந்தது. பெட்டியிலிருந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவள் உட்காரும் தூரத்தில் உட்கார்ந்து படித்தார். முதல் வரியை முடிக்க முடியவில்லை.

"காவேரி… எழுத்தெல்லாம் பிஞ்சி பிஞ்சி கீதே! இதையா நீ… தெனமுமா?"

கொடியிலிருந்து எடுத்த துணியை அவள் மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

சீரியலுக்கு நேரமாகிவிட்டது என்று வந்த அம்சவல்லி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "இன்னாடா மூஞ்சில? யாரு கண்ணாடிடா அது?"

மோகன் பழக்கத்தில் மனைவியைப் பார்த்தார். மாத்திரை அட்டைக்கு, ஷிஃப்ட் லிஸ்ட்டுக்கு, நேற்று லைட்டுக்கு என்று எப்போதும் ஒரு சமாதானம் அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. இன்று வரவில்லை. காவேரி ஒரு துண்டை உதறி, நான்காக மடித்துக் கீழே வைத்தாள்.

"என்னுதுதான்க்கா." மோகன் கண்ணாடியை மூக்கில் மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். "எனக்குக் கிட்டத்துல எழுத்து தெரியாது. ரொம்ப நாளாவே தெரியாது. இவ மறைச்சிக்கினு வந்தா. கடையில சாம்சன் வாய அடைச்சது, என் மானம் போகக் கூடாதுன்னுதான். அதுக்குத்தான் நீ அந்தப் பேச்சு பேசின. நான் கேட்டுக்கினு நின்னேன்… நாளைக்கி இதப் போட்டுக்கினுதான் லைனுக்குப் போவேன். ஸ்டோருக்கு அனுப்பினா அனுப்பட்டும்."

அம்சவல்லி மெல்ல வந்து காவேரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் தான் வைத்த சந்தனம் காய்ந்து அப்பியிருந்ததை முந்தானையால் தேய்த்தாள். அது இன்னும் கொஞ்சம் பரவியது.

"வாய் இருக்கிறவ பேசிட்டேன்டி… வாய் இருந்தும் நீ பேசலியே. ஒரு வார்த்த சொல்லியிருந்தா…" என்று அவள் காவேரியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சாம்சன் வூட்டு வாசல்ல போயி நான் மன்னிப்புக் கேக்கறேன்."

மோகன் கண்ணாடியைக் கழற்றினார். "சின்னதையே வாங்கிடலாம் காவேரி. அன்னிக்கி நீ கேட்டியே, அதையே. இப்பவே கெளம்பு. நானே கிட்ட உக்காந்து படிச்சிப் பாத்து வாங்கறேன்."

காவேரி கணவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"வாங்கலாங்க" என்றாள். "வாங்கி, அதுல எதப் படிக்கறது?"

நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் காவேரிக்கு வெடித்தது. அம்சவல்லி அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். முடிக்காத அந்தப் பக்கம் திறந்தபடியே இருந்தது. அதை மூடிவைக்க மூவருக்கும் கை வரவில்லை.