ஆள் நிற்காத கல்லறை

“கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? நீங்க மிதிச்சிக்கிட்டு இருக்கறது எங்க அத்தைப் பாட்டியை!”

அவன் பதறி எழுந்தான். கையில் ஒரு செடி... வேரோடு.

டெர்வ்லா அந்தச் செடியைப் பார்த்தாள். போன வாரம் அவளே மண்டியிட்டு நட்டது.

“களைன்னு நெனச்சேன்...” என்றான்.

“பூச்செடிங்க அது.”

“பூவே இல்லையே?”

“பூக்கறதுக்குள்ளதான் நீங்க வந்துட்டீங்களே!”

மறுநாள் கல்லறை ஞாயிறு. அந்தக் கடற்கரை ஊரின் ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறை அருகே போய் நிற்க, பாதிரியார் வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும் நாள். அதற்காகத்தான் அவள் வாளியும் தேய்ப்பு பிரஷ்ஷுமாக வந்திருந்தாள். வந்த இடத்தில் இப்படி ஒருவன்!

“மன்னிச்சிருங்க. ஆனா இது எங்க குடும்பத்துக் கல்லறை” என்றான் அவன், தெளிவாக.

“என்னது?”

“இடிஞ்ச கோயில் சுவருக்குப் பக்கத்துல, முள்மரத்தடியில. அடையாளம் சரியாத்தானே இருக்கு? என் பேர் எமெட் சல்லிவன். அமெரிக்கால பியூட்டிலேர்ந்து வர்றேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“இந்த ஊர்ல கண்ணை மூடிக்கிட்டு ஒரு கல்லை விட்டெறிங்க, ஏதாவது ஒரு சல்லிவன் ‘ஐயோ’ம்பான். நானும் சல்லிவன்தான். பேர் டெர்வ்லா. இங்க கிளைக்கு ஒரு பட்டப்பேர் உண்டு, நாங்க மலைச் சல்லிவன். நீங்க எந்தச் சல்லிவன்?”

“வெறும் சல்லிவன்...”

“அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது!”

சொல்லி வைத்தாற்போல் மழை பிடித்துக்கொண்டது. இருவரும் ஓடினார்கள். கூரையில்லாத கோயிலில் மிச்சமிருந்த ஒரே வளைவின் கீழ் தோளோடு தோள் இடிக்க நின்றார்கள். அவன் நெற்றி முடியிலிருந்து நீர் சொட்டியது. கண்கள்... மழைக்கு முந்தைய கடலின் சாம்பல் நிறம். பார்க்காதே டெர்வ்லா... பார்த்துவிட்டாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு மோதிரத்தை எடுத்தான். செம்பு. சுத்தியல் பட்ட தடம் அப்படியே இருந்தது.

“தாத்தா பியூட் செம்புச் சுரங்கத்துல வேலை பார்த்தவர். இதைத் தன் கையாலயே அடிச்சாராம். அப்பா சாகறப்ப என் கையில குடுத்து, ‘முள்மரத்தடிக் கல்லறையில வெச்சுட்டு வா’ன்னார். வெக்காம நான் திரும்பறதா இல்ல. செவ்வாய்க்கிழமை ஃப்ளைட்.”

கடல் தாண்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் வேர் தேடி வரும்போது உறவைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் டெர்வ்லாவின் உத்தியோகம். ‘நீங்களும் எங்க சொந்தம்தான்’ என்று எத்தனை பேரைக் கட்டிப்பிடித்து அழவைத்திருக்கிறாள்!

முதன்முறையாக ஒருவன் சொந்தமாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். இந்தக் கல்லறை இவனுடையது என்றால்... இவன் பங்காளி. அண்ணன் முறை.

ச்சே! விடமாட்டேன். இவன் யாரென்று கண்டுபிடிக்காமல் விடவே மாட்டேன்.

“வாங்க” என்றாள். “எங்கப்பாவுக்குத் தெரியாத சல்லிவன் கிடையாது. டீயும் கிடைக்கும்.”

அப்பா ஃபின்பார் எழுபதை நெருங்கும் மீனவர். ரொட்டியை அறுத்து, வெண்ணெயைத் தாராளமாகத் தடவி அவன் பக்கம் நகர்த்தினார். “சாப்பிடு தம்பி. பியூட்டா? இந்த ஊர்ல பாதிப்பேர் போய் விழுந்த குழியாச்சே அது!”

எமெட் மோதிரத்தை மேஜைமேல் வைத்தான்.

அப்பாவின் கத்தி ரொட்டியிலேயே நின்றது. மோதிரத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தார். முகம் இறுகியது.

“டீயைக் குடிச்சாச்சுன்னா கிளம்பு.”

“அப்பா!”

“எங்க கல்லறையில வேத்தாள் எதையும் வைக்கக் கூடாது. நாளைக்கு அங்க நிக்கவும் கூடாது. இதுக்கு மேல பேச்சில்ல.”

எமெட் எழுந்தான். “வெச்சுட்டுத்தான் போவேன் ஐயா” என்றான், குரலை உயர்த்தாமல். மோதிரத்தை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான்.

டெர்வ்லா அப்பாவையே பார்த்தாள். வேத்தாள் என்று அவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்கிறார்? அப்படியானால்... இவன் யாரென்று அப்பாவுக்குத் தெரியும்!

ஞாயிறு மதியம். மழை விட்டுவிட்டு, வெயில் கண்ணைச் சிமிட்டியது. கல்லறைத் தோட்டம் முழுக்கத் தலைகள். அவரவர் கல்லருகே அவரவர். எமெட் மட்டும் வெளிக்கதவருகே, நிற்க இடமில்லாமல்.

பாதிரியார் ஜெபத்தைத் தொடங்கினார். டெர்வ்லா கண்ணை மூடவில்லை. வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். வடக்கு மூலையில் பார்வை நின்றது.

எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு கல். பக்கத்தில் யாருமில்லை.

ஆனால் புல் வெட்டியிருந்தது. நேற்று வெட்டிய பச்சை வாசனை மாறாத புல். ஆளே இல்லாத கல்லறைக்கு யார் புல் வெட்டுகிறார்கள்?

சட்டென்று திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அவரும் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெபத்தின் நடுவே தன் குடும்பத்தை விட்டு யாரும் நகர்வதில்லை. டெர்வ்லா நகர்ந்தாள். நேரே கதவருகே போனாள். எமெட்டின் கையைப் பிடித்தாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வடக்கு மூலைக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

“எ... என்ன பண்றீங்க?”

“எல்லாரும் அவங்கவங்க இடத்துல நிக்கிறாங்க. ஆள் இல்லாதது இது ஒண்ணுதான். பேசாம நில்லுங்க.”

தீர்த்தம் இருவர்மீதும் தெறித்தது. கூட்டம் கலைந்ததும் அப்பா வேகமாக வந்தார். திட்டப் போகிறார் என்று டெர்வ்லா நிமிர்ந்து நின்றாள். “சொல்லுங்கப்பா. இவர் எந்தச் சல்லிவன்?”

அப்பா அந்தக் கல்லைப் பார்த்தபடியே சொன்னார்.

“கொல்லன் சல்லிவன். இது அவங்க குடும்பத்துக் கல்லறை. மோதிரத்துல சுத்தியல் தடத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. இவன் தாத்தா டெனிஸ், மோதிரத்தோட வர்றேன்னு எங்க ஹன்னா அத்தைகிட்ட சொல்லிட்டுக் கப்பலேறினான். அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கிட்டான். அத்தை கடைசிவரைக்கும் யாரையும் கட்டிக்கல.”

“ஏன் திரும்பலைன்னு எனக்குத் தெரியாதுங்க...” எமெட்டின் குரல் உடைந்தது. “வீட்ல ஒருத்தரும் சொன்னதில்ல. அப்ப முள்மரத்தடியில இருக்கறது...”

“ஹன்னா.”

“இவங்க மேல இவ்வளவு கோபம் வெச்சுக்கிட்டு, எதுக்குப்பா புல் வெட்டுறீங்க?” என்றாள் டெர்வ்லா.

“அத்தை வெட்டிக்கிட்டு இருந்தா. அவ போனப்புறம் நிறுத்த மனசு வரல.” அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “போடா... போய் வை. ரொம்ப நாள் காத்திருந்துட்டா.”

முள்மரத்தடியில் எமெட் கையாலேயே மண்ணைத் தோண்டினான். மோதிரத்தை வைத்து மூடினான். நேற்றுப் பிடுங்கிப் போட்ட செடியை அதன்மேல் நட்டான். அவன் தோள்கள் குலுங்கின. டெர்வ்லா பக்கத்தில் மண்டியிட்டு மண்ணை அழுத்திவிட்டாள். விரல்மேல் விரல் பட்டது. இருவருமே எடுக்கவில்லை...

“ஒரு நல்ல சேதி” என்றாள் மெல்ல. “நீங்க எனக்கு உறவுல ஒண்ணுமே ஆகல.”

ஈரக் கண்ணோடு சிரித்தான். “அதுல இவ்வளவு சந்தோஷமா?”

“நேத்து ராத்திரி பூரா தூங்கல.”

“நானும்தான்... டெர்வ்லா, செவ்வாய்க்கிழமை போயிட்டு, எல்லாத்தையும் முடிச்சிட்டுத் திரும்பி...”

“நிறுத்துங்க!” அவள் கண்களில் மின்னல். “வர்றேன்னு சொல்லிட்டுப் போற கொல்லன் சல்லிவனுக்காக இந்த வீட்ல ஒருத்தி காத்திருந்தது போதும். நான் காத்திருக்க மாட்டேன். ஒண்ணு, நீங்க இங்க இருங்க. இல்ல, நானும் கூட வர்றேன். இப்பவே சொல்லணும்.”

அவன் பதில் சொல்வதற்குள் ஏதோ ஒன்று புல்லில் வந்து விழுந்தது. அரிவாள். அப்பா.

“வடக்கு மூலைப் புல்லை இனிமே நான் வெட்டறதா இல்ல. அதான் ஆள் வந்தாச்சே!” திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

எமெட் அரிவாளைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

“புல் எத்தனை நாளைக்கு ஒருதரம் வளரும்?”

“இந்த ஊர் மழைக்கா? வாரா வாரம்.”

“அப்ப ஃப்ளைட்டுக்கு எங்கேர்ந்து நேரம்...” அவன் மண் படிந்த கையால் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். “நான் எங்கேயும் போகல, டெர்வ்லா. உன்னை விட்டுப் போக என்னால முடியாது.”

மழை மறுபடி தூறத் தொடங்கியது. இந்த முறை இருவரும் ஓடவில்லை.