பக்கத்துக் கேபினில் ஒரு மூச்சு

கப்பல் கிளினிக்கில் போன் அலறியது.

டாக்டரம்மா எடுத்தாள்.

"டாக்டர்... என் பொண்டாட்டி மூச்சு விடறா!"

எதிர்முனையில் ஒரு பயணி, கட்டடக் காண்டிராக்டர்.

டாக்டரம்மா நாற்காலியில் நிமிர்ந்தாள். அவன் மனைவி நேற்றுக் காலையே இறந்துவிட்டாள். இந்த நிமிடம் கப்பலின் அடித்தளத்தில், குளிரூட்டிய பிணவறையில், சீல் வைத்த இரட்டைப் பைக்குள் படுத்திருக்கிறாள்!

"என்ன சார் சொல்றீங்க?"

"பக்கத்து கேபின்ல டாக்டர்! அவ செத்தாளே, அதே கேபின்ல! கர்ர்... புர்ர்னு... இழுத்து இழுத்து..."

"அதை மருந்தடிச்சுப் பூட்டியாச்சு சார். உள்ள ஆள் இல்ல."

"ஆள் இல்லன்னு எனக்குத் தெரியாதா? அதான் பயமா இருக்கு!"

"ஏ.சி. சத்தமா இருக்கும்."

"ஏ.சி.க்கு அறிவிருக்கா? நான் உத்துக் கேக்கறதுக்காக மூச்சைப் பிடிச்சா... அவளும் நிறுத்திடறா! நான் விட்டா அவளும் விடறா! என்கூட விளையாடறா டாக்டர்!"

டாக்டரம்மாவின் விரல்கள் ரிசீவரை இறுக்கின.

"மறுபடியும் சொல்லுங்க... நீங்க நிறுத்தினா, அவங்களும் நிறுத்தறாங்களா?"

"ஆமா!"

"அங்கேயே இருங்க. வர்றேன்."

ரிசீவரை வைத்தாள். எதிரே ஊசிகளை அடுக்கிக்கொண்டிருந்த சிஸ்டர் புருவத்தைத் தூக்கினாள்.

"என்னம்மா, பேய் கேஸா? அதுக்கு நம்மகிட்ட மருந்து ஸ்டாக் இல்லையே!"

"இருக்கு சிஸ்டர். கேப்டனைக் கூப்பிடுங்க."

கேபினில் காண்டிராக்டர் கட்டிலின் ஓரத்தில் குறுகி உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே வெயில். வெயிலுக்கு அப்பால் கரை. கிரேன்கள், கிடங்குகள், சின்னச் சின்ன கார்கள்... எல்லாம் தெரிகின்றன. ஆனால் போக முடியாது.

கரை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் கப்பல் கரை சேர்ந்துவிடாது. துறைமுக சுகாதார அதிகாரி 'வரலாம்' என்று சொல்லும்வரை நங்கூரம் போட்டுக் காத்திருக்க வேண்டும். இறங்குகிற ஒவ்வொருவர் கையிலும் தொற்றுநோய் டெஸ்டில் புதிதாய் எடுத்த நெகட்டிவ் ரிசல்ட் வேண்டும். பாசிட்டிவ் என்றால் தனிக் கேபின். கூட இருந்தவருக்கு அடுத்த கேபின்.

பாசிட்டிவ் ஆள் செத்துப்போனால்?

சீல் வைத்த பையில் நேராக மின்மயானம். திறக்கக் கூடாது. பிரேதப் பரிசோதனை கிடையாது!

அந்தக் கடைசி விதியைப் படித்தபோது காண்டிராக்டருக்கு அதன்மேல் காதலே வந்துவிட்டது.

அவன் கட்டிய கட்டடம் ஒன்று இடிந்து விழுந்திருந்தது. உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் புழுதியில் மூச்சுத் திணறிச் செத்தார்கள். கலவையில் சிமெண்டைக் குறைக்கச் சொன்னது அவன்தான் என்பது அவன் மனைவிக்கு மட்டுமே தெரியும். கப்பலில் ஏறிய பிறகும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

"ஊருக்குப் போனதும் கோர்ட்டுல சொல்லிடறேங்க. கண்ணை மூடினா அவங்க இருமற சத்தம் கேக்குது," என்றாள்.

அப்போதுதான் அவனுக்குத் தொண்டை கரகரத்தது. கைப்பெட்டியில் இருந்த டெஸ்ட் கிட்டை பாத்ரூமில் ரகசியமாகப் போட்டுப் பார்த்தான். இரண்டு கோடு!

அதற்கு மறுநாள் கப்பல்காரர்கள் கேபினுக்குக் கேபின் பஞ்சுக் குச்சியும் டியூபும் கொடுத்தார்கள். அவரவரே மூக்கில் விட்டு, டியூபில் போட்டு, பெயர் ஸ்டிக்கர் ஒட்டி, கதவில் மாட்ட வேண்டும்.

"குடு, நானே ஒட்டி மாட்டிடறேன்," என்றான் பாசமாக.

அவன் டியூபில் அவள் பெயர். அவள் டியூபில் அவன் பெயர். அவ்வளவுதான்!

அவள் பாசிட்டிவ் ஆனாள். தனிக் கேபினுக்குப் போனாள். இரண்டு கேபினுக்கும் நடுவே ஒரு கதவு. "மருந்து கொண்டாந்திருக்கேன்மா," என்று தட்டினான். நோய் தனக்குத்தான் என்று நம்பிய அந்தப் பைத்தியக்காரி, அவனுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்று முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு திறந்தாள்.

பிறகு... தலையணை.

கர்ர்ர்...

காண்டிராக்டர் சிலிர்த்தான். இதோ, மறுபடியும்!

செல்போன் அடித்தது. அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கரையில் காத்திருக்கும் அவள் தம்பி.

"மாமா... அக்கா முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்க விடச் சொல்லுங்க மாமா."

"நானா மாட்டேங்கறேன் மச்சான்? ரூல்ஸ். பையைத் திறக்கக் கூடாதாம்."

"தூரத்துல நின்னு பார்க்கறேன். தொட மாட்டேன்..."

"உனக்கு ஒட்டிக்கிட்டா உன் பிள்ளைங்களுக்கு யாருடா பதில் சொல்றது?"

தம்பி விசும்பினான். பிறகு கேட்டான்.

"உங்களுக்கு ஏன் மாமா இப்படி மூச்சு வாங்குது?"

"அழுது அழுது..."

துண்டித்தான். சுவர் அவனுக்காகக் காத்திருந்தது.

புர்ர்ர்...

"டாக்டரம்மா, பயணிங்க எல்லாம் பெட்டியைக் கட்டிக்கிட்டு வரிசையில நிக்கறாங்க," என்றார் கேப்டன், காண்டிராக்டரின் கேபினை நோக்கி நடந்துகொண்டே. "நீங்க பேய் பார்க்கக் கூப்பிடறீங்க!"

"பையை மூடறதுக்கு முன்னாடி அந்தம்மா மூக்குல நானே ஒரு குச்சி விட்டேன் கேப்டன். நெகட்டிவ்!"

"ஆள் போனதும் கிருமியும் போயிருக்கும்."

"கிருமி செத்தாலும் அதோட மிச்சம் கிடக்கும். டெஸ்ட் மெஷின் தேடறதே அதைத்தான். ஒண்ணை ரெண்டாக்கும், ரெண்டை நாலாக்கும். தெரியற அளவு சேர்ற வரைக்கும் பெருக்கிக்கிட்டே இருக்கும். கொஞ்சம்தான் இருக்குன்னா ரொம்ப நேரம் பெருக்கணும். குவிஞ்சு கிடந்தா சட்டுனு தெரிஞ்சிடும். அந்தம்மாவோட முதல் டியூப் போட்டதுமே பல்பு மாதிரி எரிஞ்சுது! அவ்வளவும் எங்க போச்சு?"

"உங்க குச்சி சரியாப் பட்டிருக்காது."

"அதையும் மெஷினே சொல்லிடும் கேப்டன். டியூப்ல கிருமி இருக்கான்னு பார்க்கறப்பவே, மனுஷ செல் இருக்கான்னும் பார்த்துக்கும். செல் இருந்தாத்தான் குச்சி மூக்குல பட்டிருக்குன்னு அர்த்தம். நான் எடுத்ததுல இருந்துச்சு. ஆனா மெஷின் ஒண்ணை மட்டும் கேக்காது..."

"எதை?"

"அந்த மனுஷன் யாருன்னு!"

கேப்டனின் நடை நின்றது.

"கரையில சுகாதார அதிகாரிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'முதல் ரிசல்ட் பாசிட்டிவ்னா பாசிட்டிவ்தான். வெறும் சந்தேகத்துக்குப் பையைத் திறக்க மாட்டோம். மயானப் படகு கிளம்பி வருது, அதுக்குள்ள வேற ஏதாவது இருந்தா காட்டுங்க'ன்னுட்டாங்க. எரிச்சுட்டா அப்புறம் எதுவுமே இல்ல கேப்டன். அந்தம்மா நோய்ல செத்தவங்களாவே போயிடுவாங்க."

காண்டிராக்டரின் கதவு திறந்தது. தலை முதல் கால்வரை வெள்ளை உடை போட்ட மூன்று உருவங்களைப் பார்த்ததும் அவன் வீறிட்டான்.

"நாங்கதான் சார்," என்றாள் சிஸ்டர். "பேய்ங்களுக்கு இவ்வளவு வேர்க்காது!"

டாக்டரம்மா நடுக் கதவின் பூட்டைத் திறந்து முழுசாகத் தள்ளினாள்.

பக்கத்துக் கேபின். உறை கழற்றிய மெத்தை. உருட்டி வைத்த திரை. மருந்து நெடி.

யாரும் இல்லை.

"எல்லாரும் சத்தம் போடாம நில்லுங்க," என்றாள்.

நின்றார்கள்.

கர்ர்ர்... புர்ர்ர்...

"கேக்குதா டாக்டர்?"

"கேக்குது சார். நல்லாவே கேக்குது."

சிஸ்டரே ஓர் அடி பின்வாங்கினாள். காண்டிராக்டரின் கண்கள் அந்த வெறும் மெத்தையில் குத்தி நின்றன. இருமலை அடக்க மூச்சைப் பிடித்தான்.

சத்தம் நின்றது.

விட்டான்.

கர்ர்ர்...!

"நிறுத்துடி!" அலறினான். "எப்படிடி உனக்கு இன்னும் மூச்சு வரும்? நான் தலையணையை எடுத்துட்டுப் பார்த்தேனே... அப்பவே நின்னுடுச்சே... நின்னுடுச்சே டாக்டர்!"



கேப்டன் மெல்ல ஓர் அடி முன்னால் வந்தார்.

டாக்டரம்மா நெருங்கி வந்தாள். அவனைக் கட்டிலில் உட்கார வைத்தாள். விரலில் ஆக்சிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டினாள். எண் சிவப்பில் துடித்துக்கொண்டு இறங்கியது. பிறகு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து, அதன் இரண்டு முனைகளையும் அவன் காதுகளில் வைத்தாள். வட்டத்தை அவன் முதுகில் பதித்தாள்.

"மூச்சை இழுங்க."

கர்ர்ர்...

அவன் முகம் வெளிறியது.

"விடுங்க."

புர்ர்ர்...

"பிடிங்க."

நிசப்தம்!

"உங்க மனைவி இல்ல சார்," என்றாள் டாக்டரம்மா. "உங்க நுரையீரல்!"

அவன் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கி எறிந்தான். உதடுகள் லேசாக நீலம் பூத்திருந்தன.

"அப்போ... அவகிட்ட இருந்து ஒட்டிக்கிட்டது! நான்தானே பக்கத்துல இருந்து பார்த்துக்கிட்டேன்!"

"அவங்ககிட்ட இல்லாத வியாதி எப்படி சார் ஒட்டும்? அவங்க பேர்ல வந்த டியூப் என் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. அதுல இருக்கற செல் ஆம்பளையோடதா, பொம்பளையோடதான்னு சொல்ல இங்க மெஷின் இல்ல. கரையில இருக்கு. நீங்களே சொல்லிடறீங்களா, கரையில இருக்கறவங்க சொல்லட்டுமா?"

சிஸ்டர் ஆக்சிஜன் மாஸ்க்கை அவன் முகத்தில் வைத்தாள். அவன் அதைத் தள்ளிவிட்டுக் கேப்டனைப் பார்த்துச் சிரித்தான். கோணல் சிரிப்பு.

"காய்ச்சல்ல... ஏதோ உளறினேன் கேப்டன். கோர்ட்டுல இது நிக்காது. எனக்கு ரிசல்ட் நெகட்டிவ். அவ பாசிட்டிவ். பாசிட்டிவ் உடம்பை... யாரும் திறக்க முடியாது. ரூல்!"

"ரூல்தான்," என்றார் கேப்டன். உள்ளே வந்ததிலிருந்து பட்டனை அமுக்கியே பிடித்திருந்த வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனார். "அதிகாரி சார், கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?"

வாக்கி டாக்கி கரகரத்தது.

"எல்லாம் கேட்டேன் கேப்டன். இது நோய்ச் சாவு இல்ல, சந்தேகச் சாவு. மயானப் படகைத் திருப்பிட்டேன், போலீஸ் படகு வருது. அந்தம்மாவை இறக்குங்க, போஸ்ட்மார்ட்டம். தம்பி இங்கதான் நிக்கறார். முகத்தைப் பார்க்கட்டும். அந்த ஆளுக்கு மறுபடி டெஸ்ட் எடுங்க. பாசிட்டிவ்னா கரையில கால் வைக்கக் கூடாது!"

"நான் இறங்கணும்!" காண்டிராக்டர் மூச்சுக்குத் தவித்தான். "ஆஸ்பத்திரி... எனக்குப் பெரிய ஆஸ்பத்திரி..."

"வேண்டியது எல்லாம் இங்கயே இருக்கு." டாக்டரம்மா மாஸ்க்கை அவன் முகத்தில் மறுபடி பொருத்தி, பட்டையை இறுக்கினாள். அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவனை நடுங்க வைத்தது. "பயப்படாதீங்க சார். உங்களைச் சாக விட மாட்டேன். நிச்சயமா பொழைக்க வச்சுக் கோர்ட்டுக்கு அனுப்புவேன்!"

கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே ஒரு படகு வந்து நின்றது. அவன் மனைவியின் ஸ்ட்ரெச்சர் அதில் இறங்கியது. அவள் அவனைத் திரும்பிப் பார்க்காமல் கரையை நோக்கிப் போனாள்.

மாஸ்க்குக்குள் அந்த மூச்சு மட்டும் அவனோடு இருந்தது.

கர்ர்ர்... புர்ர்ர்...

"இன்னும் எத்தனை நாள்... இந்தத் தனி ரூம்ல...?" முனகினான்.

சிஸ்டர் சிலிண்டர் திருகைச் சரிபார்த்துவிட்டு, அவன் போர்வையை இழுத்துவிட்டாள்.

"கொஞ்ச நாள்தான் சார். அடுத்து போற இடத்துலயும் தனி ரூம்தான்... ஆனா கடல் பார்த்த ஜன்னல் எல்லாம் கேக்காதீங்க!"