பட்டினி எலி குட்டி போடாது

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

இன்ஸ்பெக்டர் உச்சிமாகாளி ரிசீவரை எடுத்தார்.

"சார்... எலி ஆராய்ச்சிக்கூடத்து வாட்ச்மேன் சிலுவைமுத்து பேசறேன்... டாக்டரு வாயில நுரை தள்ளிகினு கெடக்கறாரு... மூச்சு இல்ல சார்!"

ஜீப் ராயபுரத்தைக் கிழித்துக்கொண்டு பறந்தது.

துறைமுகத் தானியக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கூடம். எலிகளை ஒழிக்க வழி தேடும் இடம். மேஜைமேல் சாய்ந்து கிடந்தார் டாக்டர் அருள்நாதன். பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த ஒரு டம்ளர், காலி டிபன் கேரியர். அதன் விளிம்பில் வெள்ளைத் தூள்...

எலி மருந்து!

சுவரோரம் அழுதபடி நின்றாள் உதவியாளர் நீலா. நாற்பதைத் தொட்ட தனிக்கட்டை.

"சாப்பாடு கொண்டுவந்தது யாரு?"

"எங்கூட்டுக்காரி வியாகுலம்மா ஆக்குனது சார்... நான்தான் எத்துகினு வந்தேன்." சிலுவைமுத்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"கான்ஸ்டபிள்! விலங்கை மாட்டு!"

"ஐயோ நைனா! மாதா மேல ஆணை, நாங்க ஒண்ணும் பண்ணல! ரெண்டு பேரையும் தூக்குல போட்ராதீங்க!"

"டாக்டர் சாப்பிட்டதைப் பாத்தீங்களாம்மா?" இன்ஸ்பெக்டர் நீலா பக்கம் திரும்பினார்.

"எதிர்லதான் இருந்தேன் சார். ஒரு பருக்கை விடல..."

உச்சிமாகாளி கூண்டுகள் பக்கம் நடந்தார்.

"இதுங்க என்ன?"

நீலா கண்ணைத் துடைத்தாள். அவளுடைய வேலையைப் பற்றி யாரும் அவளிடம் கேட்டதே இல்லை. பாவம், அந்த நேரத்திலும் முகம் மலர்ந்துவிட்டது.

"வயல் எலி சார். வருஷம் பூரா குட்டி போடாது. அறுப்பு முடிஞ்சு தானியம் கிடைக்கிற பருவத்துலதான். வயிறு காஞ்சா, மூளை ஹார்மோனை நிறுத்திடும். தனக்கே தீனி இல்லாதப்ப குட்டி எதுக்குன்னு உடம்பு முடிவு பண்ணிடும். இதுங்களுக்கு அரைத் தீனிதான். பட்டினி எலி குட்டி போடவே போடாது!"

கீச்... கீச்...

உச்சிமாகாளி வைக்கோலை விலக்கினார்.

குட்டிகள்! இளஞ்சிவப்பாய், கண் திறக்காமல்! பக்கத்தில் கொழுத்த தாய் எலி சோற்றைக் கொறித்துக்கொண்டிருந்தது. மீன்குழம்புச் சோறு.

நீலா வெளுத்துப்போனாள்.

"இன்னிக்கு என்ன குழம்புய்யா?"

"மீன்கொழம்பு சார்..." சிலுவைமுத்து விம்மினான். "சொல்லக்கூடாதுன்னு டாக்டரு சத்தியம் வாங்கிகினாரு. தவக்காலம் சார்... சாம்பல் புதன்லேர்ந்து ஒரு மாசமா ஒருசந்தி. பகல்ல சோறு தொடமாட்டாரு. ஊருக்குத் தெரிஞ்சா அது விரதமே இல்லம்பாரு. நீலாம்மா வெளிய போனதும் சோறெல்லாம் எலிங்களுக்குதான். தாம் பட்டினி கெடக்கசொல்லோ, அதுங்க பசிய மன்சு தாங்கலியாம். காபி மட்டும் குடிப்பாரு."

உச்சிமாகாளி திரும்பினார்.

"சோறு தின்ன எலி துள்ளுது. அப்போ விஷம் சோத்துல இல்ல, கேரியர் விளிம்புல தூளை யாரோ அப்புறமா தூவியிருக்காங்க. எதிர்ல இருந்து பாத்தேன்னது பொய். காபி போட்டது யாரு நீலா? இந்தக் கூடத்துலயே கழுவி வெச்சிருக்கிறது மேஜைமேல இருக்கிற அந்தக் காபி டம்ளர் ஒண்ணுதான்!"

துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. நீலா நாற்காலியில் சரிந்தாள்.

"இத்தனை வருஷமா அவருக்குக் காபி போட்டேன் சார். வீட்டுக்குப் போனா என்கூடப் பேச ஆள் இல்ல. அடுத்த மாசம் டெல்லிக்குப் போறாராம். நான் என்ன பண்றதுன்னு கேட்டேன். 'உனக்கென்ன நீலா, துணைக்குத்தான் எலிங்க இருக்கே'ன்னு சிரிச்சார்..."

குட்டிகளையே பார்த்தாள்.

"இப்ப அதுங்களுக்குக்கூடக் குடும்பம் ஆயிடுச்சு."

விலங்கு கை மாறியது. சிலுவைமுத்து மண்டியிட்டு அழுதான்.

ஜீப்பருகே கான்ஸ்டபிள் குனிந்தார்.

"களைச்சுட்டீங்க சார்... சூடா ஒரு காபி?"

உச்சிமாகாளி பின்சீட்டில் இருந்த நீலாவை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"வேணாம்யா... இன்னிக்கு நானும் ஒருசந்தி!"