பாதி அமுதம்

அந்தப் பள்ளியில் அவள் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. எல்லோரும் அவளைப் ‘புதுசு’ என்றே கூப்பிட்டார்கள்.

அன்று டீச்சர் பழங்காலக் கதைகள் சொன்னார். ஒரு நாட்டுச் சாமிகள் அமுதம் குடித்தார்களாம். இன்னொரு நாட்டுச் சாமிகள் பொன்னிறப் பழம் தின்றார்களாம். அதனால் அவர்களுக்குச் சாவே கிடையாதாம்.

புதுசு கையைத் தூக்கினாள். “அவங்களுக்குத் தெரிஞ்ச மனுஷங்க எல்லாம் செத்துப் போயிருப்பாங்களே. அப்புறம் சாமிங்க யார்கூடப் பேசுவாங்க, டீச்சர்?”

“நல்ல கேள்வி” என்று டீச்சர் ஆரம்பித்தார். அதற்குள் இடைவேளை மணி அடித்துவிட்டது.

மைதானத்தில் உடனே ஒரு புது ஆட்டம் பிறந்தது. அசுரர்கள் துரத்த வேண்டும், மற்றவர்கள் ஓட வேண்டும். தொடப்பட்டவர் செத்தார், குட்டைச் சுவரில் போய் உட்கார வேண்டும்.

“நானும் வரட்டா?” என்றாள் புதுசு.

ஆட்டத்தின் தலைவி ரெட்டைச்சடை அவளை மேலும் கீழும் பார்த்தாள். “உனக்கு ஆட்டமே தெரியாது, பாவம். சரி, நீதான் சாகாத சாமி. உன்னைத் தொட்டாலும் அவுட் இல்ல.”

புதுசுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவுடனே சாமி!

அவள் ஓடினாள். யாரும் துரத்தவில்லை. ஓர் அசுரனின் முன்னால் போய் நின்று நாக்கை நீட்டினாள்.

“தள்ளு புதுசு, மறைக்காத” என்று அவன் சுற்றிக்கொண்டு ஓடினான்.

மைதானத்தின் நடுவில் அவள் நின்றாள். கூச்சலும் புழுதியும் அவளை விட்டு விலகி விலகிப் போயின. கொடிக்கம்பமும் அவளும் ஒன்றுதான்.

சுவரில் ஆமை மட்டும் உட்கார்ந்திருந்தான். மெதுவாக ஓடுவதால் அந்தப் பெயர். எப்போதும் முதலில் சாவது அவன்தான். புதுசு அவனிடம் போய்த் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

“இது அமுதம். பாதி குடி. உயிர் வரும்.”

“அப்ப உனக்கு?”

“மீதிப் பாதி. ஆளுக்கு ஒரு உயிர். இனிமே என்னைத் தொட்டாலும் அவுட்.”

“லூசா நீ? நானா இருந்தா பாட்டிலையே கொடுக்க மாட்டேன்.”

“அங்க போய்த் தனியா நின்னு பாரு, தெரியும்.”

ஆமை குடித்தான். ஏப்பம் விட்டான். “எனக்கு உயிர் வந்துடுச்சு! புதுசு இப்போ சாமி இல்ல!”

“அப்படி ஒரு ரூல் இருக்கா?” என்றாள் ரெட்டைச்சடை.

“இப்பதான் வந்துச்சு” என்றாள் புதுசு.

ரெட்டைச்சடை புதுசைக் கை காட்டினாள். “பிடிங்கடா அவளை.”

அசுரர்கள் எல்லோரும் திரும்பினார்கள். புதுசு விழுந்தடித்து ஓடினாள். முதுகுக்குப் பின்னால் எத்தனை காலடிகள்! அத்தனையும் அவளுக்காக. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததால் வேகம் குறைந்தது. ஒரு கை முதுகில் பட்டது.

“அவுட்.”

மூச்சு வாங்க அவள் சுவரில் ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே ஆமையும் வந்து சேர்ந்தான்.

“அதுக்குள்ளயா செத்துட்ட?” என்றாள் புதுசு.

“நீ கொடுத்தது பாதிதானே? அது இவ்வளவு தூரம்தான் ஓடும். நகரு.”

அவள் நகர்ந்து இடம் விட்டாள்.