டைவோ லாகோஸுக்குப் போயிருக்கிறாள்

மேசை மேல் இரண்டு சின்னத் தட்டுகள் இருந்தன. இரண்டு தம்ளர், கட்டிலில் இரண்டு குட்டித் தலையணை. ரோன்கே ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் ஹோட்டலில் ஆள் கேட்டிருந்தாள்.

"எதுக்கு ரெண்டு?"

ஹோட்டல்காரர்கள் அனுப்பிய ஆயா டூஷிமா, சின்னப் பெண், வெள்ளந்தியாகச் சிரித்தாள். "பாப்பா பேரு கெஹின்டேன்னு கீழ சொன்னாங்க மேடம். ரெட்டைப் பிள்ளைங்களுக்குத்தானே அந்தப் பேரு வைப்பாங்க, கெஹின்டேன்னா கூடவே ஒரு டைவோ இருக்கணுமே. டைவோ எங்க?"

ரோன்கே ஒரு தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதானே சொந்தபந்தத்தை எல்லாம் விட்டுவிட்டு முன்பின் தெரியாத ஒருத்தியை ஏற்பாடு செய்தாள்! கணவனின் தம்பிக்குக் கல்யாணம், அகூரேயிலிருந்து இபாடானுக்கு வந்திருக்கிறார்கள். மூத்த மருமகள் கீழே ஹோட்டல் மண்டப வாசலில் நின்று, வருகிற பெரியவர்களுக்கெல்லாம் முழங்காலிட்டு வணக்கம் சொல்லியாக வேண்டும். பிள்ளையை அத்தைமார் மடியில் விட்டிருக்கலாம்தான். விட்டால் ஆளாளுக்கு அந்தப் பேச்சையே எடுப்பார்கள். போன மழைக்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் ஓடுகிற திறந்த சாக்கடையில் டைவோ விழுந்ததும், மறுநாள் வெகுதூரம் தள்ளி ஒற்றைச் செருப்போடு கிடைத்ததும், ஐயோ பாவம் என்று அவர்கள் உச்சுக்கொட்டுவதும் கெஹின்டே காதில் விழ வேண்டுமா?

நாத்தனார் பொலான்லே இன்னும் ஒரு படி மேலே போவாள். போனவளுக்கு மரத்தில் ஒரு சின்ன உருவம் செதுக்கி வை, இருப்பவளுக்கு ஊட்டும்போது அதற்கும் ஊட்டு, துணி எடுத்தால் அதற்கும் எடு என்பாள். டைவோதான் முதலில் வெளியே வந்து, உலகம் எப்படி இருக்கிறது என்று பார்த்து, நல்லாத்தான் இருக்கு, வா என்று கெஹின்டேவைக் கூப்பிட்டவள். போன இடத்திலிருந்தும் கூப்பிடுவாள், ஜாக்கிரதை என்பாள். ரோன்கே ஜெபக்கூட்டத்துக்குப் போகிறவள். மரத்துக்குச் சோறூட்ட மாட்டேன் என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டாள். சொன்னாளே தவிர, அன்றிலிருந்து கெஹின்டே ஒரு தும்மல் போட்டாலும் இவளுக்கு உயிர் போய் உயிர் வரும்.

இரட்டையரில் ஒன்று இறந்துவிட்டால், இறந்துவிட்டது என்று அவர்கள் பக்கத்தில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். லாகோஸுக்குப் போயிருக்கிறாள் என்பார்கள். கேட்டவர்களும் தலையை ஆட்டிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். கெஹின்டே அங்கேயே நின்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால் ரோன்கே அதைத்தான் சொன்னாள்.

டூஷிமா வெளியூர், பெனுவேக்காரி. இபாடானில் வேலை பார்த்துப் பார்த்து ஊர்ப் பெயர்கள் பழகியிருந்தன, இந்த வழக்கம் பழகவில்லை. "எப்ப வருவா மேடம்?"

தலைத்துணி கட்டிவிடுகிறவள் வாசலில் காத்திருந்தாள். கீழே இருந்து யாரோ ரோன்கே, ரோன்கே என்று தொண்டை கிழியக் கூப்பிட்டார்கள். "சாயங்காலம் வந்துடுவா. வந்தா கதவைத் திறந்து விடு" என்று பேச்சை முடித்துவிட்டு நடந்தாள். சொன்ன நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஆனால் திரும்பிப் போய் என்னவென்று விளக்குவது?

மண்டபத்தில் குடும்பம் மொத்தமும் ஒரே நீலத் துணியில் இருந்தது. மேளக்காரர்கள் காதைப் பிளந்தார்கள், மிளகாய்ச் சோற்று வாசனை மூக்கில் ஏறியது, முழங்காலிட்டு முழங்காலிட்டு ரோன்கேவுக்கு முட்டி கழன்றது. பொலான்லே வந்து பிள்ளை எங்கே என்று கேட்டாள். அதே நீலத்தில் ஒரே அளவாக இரண்டு கவுன் தைத்துக் கொடுத்திருந்தவள் அவள்தான். இரண்டாவது கவுன் எங்கே என்று கண்ணாலேயே கேட்டாள். அது மாடி அறையில் பெட்டியின் அடியில் கிடந்தது.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் கொட்டிய சத்தத்தில் மேளமே அடங்கிப்போனது. பொழுது சாய்வதற்கு முன்பே ஜன்னல்கள் கறுத்தன. வெளியே வாய்க்கால் நிரம்பி ஓடும் அந்தச் சலசலப்பு, எந்த மழையிலும் அவளுக்கு மட்டும் தனியாகக் கேட்கிற அது, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. மனசு கேட்காமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி டூஷிமாவை ஃபோனில் கூப்பிட்டாள்.

பின்னணியில் பிள்ளைச் சிரிப்பு. ஒரு சிரிப்புக்கு இன்னொரு சிரிப்பு பதில் சொன்னது.

"யாரு கூட விளையாடறா?"

"டைவோ கூடத்தான் மேடம். நீங்க சொன்ன மாதிரியே வந்துட்டா. கதவைத் திறந்து விட்டேன். பாவம், தொப்பலா நனைஞ்சு வந்தா. பெட்டியில இன்னொரு கவுன் இருந்துச்சு, அதைப் போட்டு விட்டேன்."

ரோன்கே யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. தலைத்துணி அவிழ்ந்து தோளில் விழ, மாடிப்படியில் ஓடினாள். பாதி வழியில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. தாழ்வாரத்தின் கோடியில் ஒரே ஒரு அவசர விளக்கு மஞ்சளாக எரிந்தது. அந்த வெளிச்சத்தில் தரையில் ஈரத் தடங்கள் தெரிந்தன. சின்னத் தடங்கள். ஒரு கால் செருப்போடு, ஒரு கால் வெறுமையாக. அறை வாசல் வரைக்கும் போயிருந்தன. திரும்பி வரவில்லை.

அறைக்குள் சாக்கடை நாற்றம். குளியலறைக் கதவு மூடியிருந்தது, உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம். கட்டிலில் நீலக் கவுனில் ஒரு பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது.

ஒன்றுதான் இருந்தது. ஆண்டவரே, ஒன்றே ஒன்றுதான்.

கிட்டே போய்க் காதைத் தடவினாள். தோடு இருந்தது, கெஹின்டேயின் தோடு. பிள்ளை தூக்கக் கலக்கத்தில் மா என்று முனகியது. அந்தக் குரலைக் கேட்டதும் ரோன்கேவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆயா எங்கே, என்ன, ஏது என்று கேட்கவெல்லாம் நிற்கவில்லை. குனிந்து பிள்ளையை முதுகில் ஏற்றி, தோளில் கிடந்த தலைத்துணியை எடுத்து இறுக்கிச் சுற்றி, மார்பில் முடிச்சுப் போட்டாள். இனி எவள் கூப்பிட்டாலும் என் முதுகிலிருந்து இவளைப் பிரிக்க முடியாது என்று நினைத்தாள். கைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. தாழ்வாரத்தில் இறங்கி வேகமாக நடந்தாள்.

முதுகு நனைந்தது.

வியர்வை என்று நினைத்தாள். அது இடுப்பில் வழிந்தது. கெண்டைக்காலில் வழிந்தது. குளிர்ச்சி. பிள்ளை கனத்தது. அடிக்கு அடி கனத்தது. காதில் தடவிய தோடு ஞாபகம் வந்தது. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் காது குத்தி ஒரே மாதிரி தோடு போட்டவள் அவளேதான்.

பின்னால் கதவு திறந்தது.

"மேடம்?"

திரும்பினாள். அறை வாசலில் டூஷிமா. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, துண்டு சுற்றிய ஒரு பிள்ளை, முகத்தில் சோப்பு நுரையோடு.

"நீங்க டைவோவைத் தூக்கிட்டுப் போறீங்க மேடம். கெஹின்டே இங்க இருக்கா. இப்பத்தான் குளிப்பாட்டுனேன்."

ரோன்கே முடிச்சைப் பிடித்து இழுத்தாள். நனைந்த துணி இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. முடிச்சு அசையவில்லை. ஈரக் கன்னம் ஒன்று அவள் பிடரியில் சாய்ந்தது.

"உள்ள போ கெஹின்டே. கதவைச் சாத்து டூஷிமா!"

குரல் வரவில்லை. உதடு மட்டும் ஆடியது.

கழுத்தைக் கட்டியிருந்த கைகளில் ஒன்று மெல்லப் பிரிந்தது. அவள் தோளுக்கு மேலாக நீண்டது. ஊறி வெளுத்த சின்ன விரல்கள். நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கறுப்புத் தண்ணீர். விரல்கள் மடங்கி விரிந்தன. மடங்கி விரிந்தன.

"நல்லாத்தான் இருக்கு" என்றது காதோரத்தில். "வா."

கெஹின்டே சிரித்தாள். டூஷிமாவின் கையை உதறினாள். இருட்டுத் தாழ்வாரத்தில், அம்மாவை நோக்கி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.