கடல் இருந்த பக்கம்

போகும்போது கடல் வலது கைப் பக்கம் இருந்தது. திரும்பும்போது அது இடது கைப் பக்கம் வந்திருக்க வேண்டும். ஆனால் மூடுபனிக்குள் அவள் திரும்பி நடக்கத் தொடங்கி வெகு நேரமாகியும் அலைச் சத்தம் வலது காதில்தான் விழுந்துகொண்டிருந்தது.

வேறு யாராவது என்றால் இதைக் கவனித்திருக்கக்கூட மாட்டார்கள். அவளுக்கு அதுதான் பிழைப்பு. காது ஆஸ்பத்திரியில், கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்கார வைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கத்துக் கையைத் தூக்குங்கள் என்று நாள் முழுக்கச் சொல்பவள். பாதை எங்கோ வளைந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. பாறை விளிம்புப் புல் படிந்து படிந்து எழுந்தது, கீழே தலை சுற்றும் ஆழத்தில் கடல் பச்சையாகப் புரண்டது. மருந்தும் மூத்திரமும் மணக்காத காற்றை மூச்சு முட்ட இழுத்து, பைத்தியம் மாதிரி தனியாக வாய்விட்டுச் சிரித்தாள். பாறைப் பாதையின் நுழைவாசலில் டிக்கெட் கிழித்தவர் மட்டும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். "பனி இறங்கிடுச்சுன்னா நடக்காதீங்கம்மா. நின்ன இடத்துலயே உக்காந்துடுங்க. எவ்வளவு நேரமானாலும் அதுவா கலையும்."

உட்கார அவளுக்கு ஏது நேரம்? வீட்டில் அப்பா இருக்கிறார். பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடப்பவர். பேச்சும் போய்விட்டது. வேலை நாட்களில் சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த அக்கா மதியம் வந்து ஊட்டிவிட்டு, தண்ணீர் கொடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைப்பாள். ஆனால் இன்று ஊர் சுற்றப் போகிறேன் என்று சொல்லிச் சாவியைக் கொடுக்க முடியுமா? படுத்த படுக்கையாய்க் கிடக்கிற அப்பனை விட்டுவிட்டு உல்லாசமாகக் கிளம்பிவிட்டாள் என்று தெருவே பேசும். அதனால், "இந்த வாரம் லீவுதான் அக்கா, நானே பாத்துக்கறேன், நீங்க வர வேணாம்" என்று சொல்லிவிட்டாள். விடிந்ததும் அப்பாவைத் துடைத்து, உடை மாற்றி, வயிறு நிறைய ஊட்டி, சாயங்காலம் வந்துவிடுவேன் என்று அவர் காதோடு சொல்லி, வெளியே பூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எங்கே போகிறாள் என்று அவருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது.

சாவி பைக்குள் கிடந்தது. அதை வெளியிலிருந்தே தொட்டுப் பார்த்துப் பார்த்து நடந்தாள். மதியத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நடந்தது அவள் தப்புதான். தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

பாதையின் விளிம்பில் சுண்ணாம்பு அடித்த கற்கள் பதித்திருந்தார்கள். பனியில் வேறெதுவும் தெரியவில்லை என்பதால் ஒரு வெள்ளையிலிருந்து அடுத்த வெள்ளைக்கு என்று அவள் நகர்ந்தாள். காற்று நின்றுபோயிருந்தது. பனியில் இருந்த உலராத துணி வாடைக்குள் மீன் அழுகிய வாடை ஒன்று மெல்ல மெல்லக் கலந்து, தொண்டையில் ஒட்டியது. போனை எடுத்துப் பார்த்தாள், சிக்னல் இல்லை. தலையை நிமிர்த்தியபோது இடது காதில் அலை கேட்டது.

அப்பாடா என்றிருந்தது. பிறகு வலது காதிலும் கேட்டது. இரண்டிலும் ஒரே அளவில்.

கண்ணாடி அறையில் என்றால், ஒரு குறையும் இல்லை, போகலாம் என்று அனுப்பியிருப்பாள். இங்கே அவள் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

அப்போதுதான் எதிரில், மிகவும் கிட்டத்தில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"யாருங்க அது? பஸ் நிக்கிற இடம் இந்தப் பக்கமா?"

"வாங்க, வாங்க. இடம் இருக்கு."

பஸ் இருக்கையில் ஒதுங்கி உட்காருகிறவர்கள் சொல்கிற அதே சாதாரணக் குரல். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆள் இருக்கிறது, வண்டி இருக்கிறது, அப்பாவுக்கு இருட்டுவதற்குள் விளக்குப் போட்டுவிடலாம். குரல் வந்த பக்கமாக விறுவிறுவென்று போனாள். காலுக்கடியில் புல் முடிந்தது. பாறை வழுக்கியது. வெள்ளையாகத் தெரிந்தவை இப்போது கற்களே இல்லை. பறவை எச்சம். பாறை முழுக்க எச்சம்.

நின்றாள்.

திரும்பினாள். வந்த வழியில் காலை வைத்தாள். கால் இறங்கிக்கொண்டே போனது.

யாரோ அவள் கையைப் பிடித்து மேலே இழுத்தார்கள். குளிர்ந்த கை. எலும்புதான் அதிகம்.

வலது பக்கம் கடல். இடது பக்கம் கடல். பின்னால் கடல். முன்னால்.

பனி கலைந்தது.

கடலுக்கு நடுவே, கரையை விட்டுத் தனியாக நிற்கும் ஒரு பாறைத் தூணின் உச்சியில் அவள் இருந்தாள். பாலம் இல்லை. வழி இல்லை. வந்த பாதை என்று எதுவுமே இல்லை. அவளைச் சுற்றித் தோளோடு தோள் இடித்தபடி ஆட்கள் நின்றிருந்தார்கள். வெயிலில் நிறம் செத்த உடுப்புகள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் கரையைப் பார்த்தன.

கரையில், கம்பித் தடுப்புக்குப் பின்னால், ஒரு குடும்பம் நின்றது. அப்பா, அம்மா, ஒரு சிறுமி.

அவள் கத்தினாள். பூட்டிய வீட்டுக்குள் தன் அப்பா கிடக்கிறார் என்று கத்தினாள். தெருப் பெயரைச் சொன்னாள், வீட்டு நம்பரைச் சொன்னாள், கதவை உடையுங்கள் என்று நெஞ்சு வலிக்கக் கத்தினாள். அந்தச் சிறுமி அவளையே பார்த்தது.

"அப்பா, அந்தப் பறவை ஏம்ப்பா இப்படிக் கத்துது?"

அவ்வளவு தூரத்திலிருந்தும் ஒவ்வொரு எழுத்தும் அவளுக்குக் கேட்டது.

"புதுசா வந்திருக்கும்மா. இடத்துக்குச் சண்டை போடுது."

பக்கத்தில் நின்ற பெண் வாயைத் திறந்தாள். "அடுப்பை அணைக்காம வந்துட்டேன்." பின்னாலிருந்து இன்னொரு குரல். அதற்குப் பின்னால் இன்னொன்று. பாறை முழுவதும் ஒன்றாகக் கத்தத் தொடங்கியது, அவளும் அதோடு சேர்ந்து கத்தினாள். அவளை இழுத்துவிட்ட கிழவர், இடுப்பு வரை தொங்கும் வெள்ளைத் தாடியோடு, கரையைப் பார்த்துக் கதறிக்கொண்டிருந்தார். "எம் பொண்ணு ஸ்கூல் வாசல்ல நிக்குது. யாராவது போய்க் கூட்டிட்டு வாங்க. சின்னப் பொண்ணு. தனியா நிக்குது."

கரையில் அந்தச் சிறுமியை அவள் அப்பா தோளில் தூக்கி வைத்துக்கொண்டார், நன்றாகப் பார்க்கட்டும் என்று.